மூன்றடி மறைப்பு

மலாயா அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளை ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். அதன் உயரத்தைப் பற்றி யாரும் எங்களைக் கேட்கவில்லை. உள்ளே நாங்கள் போடும் வேலிக்குத்தான் சட்டம் வந்தது. தட்டி, தகரம், செடி எதுவும் மூன்றடிக்கு மேல் நிற்கக்கூடாது. காவல் பரணில் இருப்பவருக்கு மூலை முடுக்கெல்லாம் தெரிய வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவின் குளிக்கும் மறைப்பு ஐந்தரை அடித் தகரம். திங்கட்கிழமைக்குள் வெட்டாவிட்டால் பிடுங்கிவிடுவோம் என்று தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி சொல்லிவிட்டுப் போனார். அக்கா பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு மதியம்தான் திரும்புவார். இருட்டினால் ஊரடங்கு. பரணில் நிற்கும் ஆண்கள் பார்க்க, பகலில்தான் குளித்தாக வேண்டும்.

"இனி குளிக்கவே போறதில்ல. நாத்தம் தாங்காம பரண்ல இருக்கவனுங்களே எறங்கி ஓடட்டும் லா," என்றார். சிரிக்கவில்லை.

நான் சிரம்பானில் நில வரைபடங்களைப் படியெடுக்கும் வேலையில் இருந்தேன். ஞாயிறு விடுமுறைக்கு வந்திருந்தேன். எதையும் தாளில் வரிசையாக எழுதிப் பார்ப்பது என் வழக்கம். கிராணியிடம் கெஞ்சுவது, பரணை நகர்த்தச் சொல்வது, உட்கார்ந்தே குளிப்பது. முதல் இரண்டையும் உடனே அடித்தேன். புடவை மாற்ற எழுந்துதான் ஆக வேண்டும் என்பதால் மூன்றாவதையும் அடித்தேன்.

பிறகு லயத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மறுபடி படித்தேன். தரையிலிருந்து மூன்றடி என்று இருந்தது. தரையைத் தோண்டக்கூடாது என்று எங்கும் இல்லை.

காலையிலேயே தகரத்தை வெட்டிவிட்டு, அக்காவும் அவர் கணவரும் நானும் மறைப்புக்குள் இரண்டரை அடி தோண்டினோம். பக்கங்களுக்குப் பழைய பலகை கொடுத்தோம். பரணிலிருந்து எங்கள் தோட்டத்துக் காவல்காரர் குரல் கொடுத்தார்.

"என்னாக்கா, கெணறா?"

"ஒனக்குத்தான்டா. ஒன் நீளம் எவ்வளவுன்னு சொல்லு."

நான் அக்காவை உள்ளே நிற்கவைத்து, என்ன தெரிகிறது என்று காவல்காரரிடமே கேட்டேன்.

"கொண்டை மட்டும்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்கா ஒரு வாளி ஊற்றினார். தண்ணீர் போக வழியில்லாமல் கணுக்கால் வரை நின்றது. வடிகாலை என் பட்டியலில் எழுத மறந்திருந்தேன்.

"தவளைக்குக் கட்டுனியா, எனக்குக் கட்டுனியா?" என்றார் அக்கா.

வீட்டுக்குப் பின்னால் நிலம் செங்குத்தாகச் சரியும். குழியின் அடிமட்டத்திலிருந்து அந்தச் சரிவு வரை வாய்க்கால் வெட்ட மாலையாகிவிட்டது.

திங்கட்கிழமை வரை பொறுக்காமல் கிராணி அப்போதே வந்துவிட்டார். நான்கு பக்கமும் வெளியே அளந்தார். மூன்றடி. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது என்னா வேலை?"

"தரையிலேர்ந்து மூணடிங்கய்யா. நோட்டீஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு," என்றேன்.

அவர் அக்காவிடம் திரும்பினார். "படிச்ச புள்ளையா?"

"அளக்கப் படிச்ச புள்ளைங்கய்யா."

ஒரு பக்கத்தை மட்டும் இன்னொரு முறை அளந்தார். நாடாவைச் சுருட்டிக்கொண்டார். "ஒரு அங்குலம் ஏறக்கூடாது. ஏறுச்சுன்னா பிடுங்கிருவேன்."

ஊரடங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அக்கா சீயக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். நான் சரிவில் போய் வாய்க்கால் முனையில் நின்றேன்.

"தண்ணி போவுதா, தங்கச்சி?"

"போவுதுக்கா. நல்லா ஊத்திக் குளிங்க."

பழுப்பு நுரை என் காலடியைத் தாண்டி இறங்கிப் போயிற்று.