ரேஷியோ பிரித்த சயின்ஸ் குரூப்

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நியாயத்தை எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று யாராவது கேட்டால், பேக்கிங் மேசையில் என்று தயங்காமல் சொல்வேன். பனியன் கம்பெனியில் கடைசியாக நடக்கும் வேலை அது. ஓர் அட்டைப்பெட்டிக்குள் சின்ன சைஸ் ஒன்று, நடு சைஸ் இரண்டு, பெரிய சைஸ் இரண்டு, எல்லாவற்றிலும் பெரியது ஒன்று என்று சட்டைகள் சொன்ன விகிதத்தில் இருக்க வேண்டும். இதற்கு ரேஷியோ என்று பெயர். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், எந்தக் கடைக்காரனும் குறை சொல்ல முடியாது. சட்டைக்கு இது அருமையான ஏற்பாடு. எங்கள் பகுதியில் இதையே ஒரு சயின்ஸ் குரூப்புக்கும் செய்தார்கள். அந்தப் பெட்டிக்குள் நானும் இருந்தேன்.

இவ்வளவு துணிதான் வாங்குவோம் என்று வெளிநாடுகள் வைத்திருந்த கோட்டாவை எடுத்துவிட்ட புதிது அது. ஆர்டர் வந்து குவிந்ததில் திருப்பூரில் தெருநாய்க்குக்கூட ஒன்றரை ஷிப்ட் வேலை இருந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் வீட்டில் அப்பா பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மிஷினில், தைத்தார், அம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் பார்த்தாள், நானும் என்னைவிட இரண்டு வயது இளைய தங்கையும் படித்தோம். ஒருமுறை அப்பாவின் விரலில் ஊசி ஏறி உடைந்து நின்றுவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், அப்பாவிடம் ஏதோ கதை கேட்டுக்கொண்டே அதை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டாள். அப்பா கதையை முடிக்கவே இல்லை, அதற்குள் வேலை முடிந்திருந்தது. அன்றைக்கே நான் நர்ஸாவது என்று முடிவு செய்துவிட்டேன். நர்சிங் பட்டப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும் என்று விசாரித்தும் வைத்துக்கொண்டேன்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஊருக்கு நடுவில் இருந்த அரசுப் பள்ளிகளில் சயின்ஸ் குரூப் இரண்டு பிரிவு, கம்ப்யூட்டர் குரூப் ஒரு பிரிவு என்று வாரி இறைத்திருந்தார்கள். கம்பெனிகளும் லைன் வீடுகளும் நிறைந்த எங்கள் பக்கத்தில் மூன்று மேல்நிலைப் பள்ளிகள். ரயில்வே கேட் அருகே ஒன்று, குளத்தருகே ஒன்று, எங்கள் பெண்கள் பள்ளி ஒன்று. மூன்றிலும் இருந்தது காமர்ஸ். எங்கள் பள்ளிக்கு மட்டும் கூடுதல் பெருமையாக ஆடை வடிவமைப்புப் பிரிவு, அதாவது தையல் குரூப். எப்படியும் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள்தானே என்று யாரோ ஓர் அதிகாரி முகம் பார்க்காமலே எங்கள் ஜாதகத்தை எழுதியிருந்தார்.

நான் பத்தாம் வகுப்புத் தேறிய வருஷம் அதிசயமாக எங்கள் பக்கத்துக்கு ஒரு சயின்ஸ் குரூப் அனுமதியானது. மூன்று ஆசிரியர்கள் வந்தார்கள், ஆய்வகச் சாமான்களும் சேர்ந்தே வந்தன. எந்தப் பள்ளிக்கு என்பதை நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று கல்வி அலுவலகம் கை கழுவிக்கொண்டது. மூன்று தலைமை ஆசிரியைகளும் எங்களுக்குத்தான் என்று சண்டைக்கு நின்றார்கள்.

தீர்ப்புச் சொல்ல ஒருவர் இருந்தார். மூன்று பள்ளிகளுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர் ஒருவரே. பெஞ்சு, ஃபேன், சுற்றுச்சுவர் எல்லாம் அவர் உபயம் என்பதால் மூன்று பள்ளிகளிலும் அவரைத் தவிர வேறு யாரையும் தலைவராக நினைத்துப் பார்க்கும் தைரியம் எவருக்கும் வரவில்லை. அம்மா வேலை பார்த்த கம்பெனியின் முதலாளியும் அவர்தான். அவருடைய பிள்ளைகள் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் படித்தார்கள். அதனால் அவர் நடுநிலையானவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பள்ளி மைதானத்தில் கூட்டம் நடந்தது. பெற்றோர்களும் பிள்ளைகளும் ஓரமாக நின்றோம். தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"ஏனுங்க டீச்சர், எனக்கு மூணு ஸ்கூலும் ஒண்ணுதானுங்க. ஒண்ணுக்குக் குடுத்துப்போட்டு ரெண்டைப் பட்டினி போட முடியுங்களா? பேசாம ரேஷியோவுல பிரிச்சுப்போடலாங்க. ஆளுக்கு ஒரு டீச்சர். சாமானும் சரிபாதியா மூணு பங்கு. யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது பாருங்க."

சரிபாதி எப்படி மூன்று பங்காகும் என்று யாரும் கேட்கவில்லை. தலைமை ஆசிரியைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முழுதாகத் தனக்குக் கிடைக்காததைவிட, முழுதாக அடுத்தவளுக்குக் கிடைக்காதது அவர்களுக்குத் திருப்தியாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பகீர் என்றது, ஆனால் பதினாறு வயதுப் பெண்ணின் பகீரை அந்தக் கூட்டத்தில் யார் கேட்டார்கள்?

இயற்பியல் ஆசிரியர் கேட் பள்ளிக்குப் போனார். வேதியியல் டீச்சர் குளத்துப் பள்ளிக்கு. உயிரியல் டீச்சர் எங்களுக்கு. மூன்று பள்ளிகளிலும் ஏற்கெனவே ஒரு கணக்கு வாத்தியார் இருந்ததால் கணக்கு மட்டும் வெட்டுப்படாமல் தப்பியது. சாமான்களை முதலாளியின் கம்பெனியிலேயே வைத்துப் பிரித்தார்கள். பிரித்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. அன்று வீட்டுக்கு வரும்போதே அவள் முகம் பளிச்சென்று இருந்தது.

"ஏட்டி, உங்க சாமான் எல்லாத்தையும் நாங்கதான் பிரிச்சோம். ஒரு கண்ணாடி உடையல. பாலித்தீன் கவர்ல போட்டு, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, மூணு பெட்டியும் ஒரே மாரி எடை பாத்துக்கோ" என்றாள்.

எடை ஒரே மாதிரிதான் இருந்தது. தராசு எங்கள் பெட்டியில் வந்திருந்தது, எடைக்கற்கள் கேட் பள்ளிக்குப் போயிருந்தன. குளத்துப் பள்ளிக்கு ப்யூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயைப் பிடிக்கும் தாங்கி கிடைத்தது, ப்யூரெட் எங்களிடம் இருந்தது. குடுவைகளில் எல், எக்ஸ்எல் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எலும்புக்கூடு ஒன்றுதான் வந்திருந்தது. கை கால்கள் கழற்றி மாட்டும் வசதி இருந்ததால் அதையும் மூன்றாகப் பிரிக்கலாமா என்று பேச்சு எழுந்ததாம். நல்லவேளையாக யாரோ ஒரு சூப்பர்வைசர் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இதெல்லாம் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஆகவே எலும்புக்கூடு முறை வைத்துச் சுற்றுவது என்று முடிவானது.

பெயர்ப் பதிவு எங்கள் பள்ளியில் இருந்தாலும், குரூப்பில் சேர்ந்த மாணவிகளான நாங்களும் சுற்றினோம். காலையில் எங்கள் பள்ளியில் உயிரியல், பிறகு கம்பெனி வேனில் ஏறிக் குளத்துப் பள்ளியில் வேதியியல், மத்தியானம் கேட் பள்ளியில் இயற்பியல். வேன் தலைவரின் தயவு. எலும்புக்கூட்டின் முறை மாறும் நாட்களில் அதுவும் எங்களோடு வந்தது. டிரைவர் அண்ணன் அதை முன்சீட்டில் வைக்கச் சம்மதிக்கவில்லை. பின்னால் எங்களுக்கு நடுவே உட்கார்த்தி, குலுங்காமல் இருக்கத் துப்பட்டாவால் கட்டிப் பிடித்துக்கொள்வோம். கேட் போட்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கும் பைக் ஓட்டிகள் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

வேனுக்கு முதல் வேலை கம்பெனி வேலை. ஷிப்மென்ட் நெருங்கினால் வேன் வராது. வேன் வராவிட்டால் வேதியியல் கிடையாது. அப்போது அந்த டீச்சரைச் சும்மா இருக்கவிடாமல் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கச் சொன்னார்கள். நாங்கள் போகும் நாட்களில் அவர் ப்யூரெட்டைப் பலகையில் வரைந்து, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாக்பீஸ் புள்ளிகளைக் கீழே விழவைப்பார். நிறம் மாறிவிட்டதாக நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் இப்படிக் கேலியாகச் சொல்கிறேனே தவிர, அந்தப் படிப்பு எனக்கு உயிருக்கு உயிராகப் பிடித்திருந்தது. உயிரியல் டீச்சர் ஒருநாள் வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளியுடன். தினமும் சமையலுக்கு நான் நறுக்குகிற வெங்காயத்துக்குள் இவ்வளவு ஒழுங்கு இருந்திருக்கிறதே என்று கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் அன்றிலிருந்து வெங்காயத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு முன்பே அவள் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்துவிட்டவள் மாதிரி என் புத்தகத்தை வாசித்தாள். நான் நர்ஸ் என்றால் அவள் டாக்டர் என்று எங்களுக்குள் பேச்சு.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கல்வி அதிகாரி பார்வையிட வந்தார். எங்கள் பள்ளியில் மூன்று தலைமை ஆசிரியைகளும் தலைவரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொண்டுபோய் வைக்க என்னைத்தான் உள்ளே அனுப்பினார்கள், அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது. அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. இந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியின் பெயரில் பரீட்சை எழுதுவார்கள்?

குரூப் வேண்டும் என்று ஜூன் மாதம் முந்தானையைச் செருகிக்கொண்டு சண்டை போட்டவர்கள் இப்போது பிள்ளைகளை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிட்டார்கள். பாதி நாள் வேதியியல் படிக்காத பிள்ளைகள் யார் பள்ளிப் பெயரில் எழுதினாலும் அந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் பாழாகும். நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பேனரைப் பள்ளி வாசலில் கட்டுவதுதான் அவர்களுக்கு வருஷத் திருவிழா.

"எங்ககிட்ட பிசிக்ஸ் மட்டுந்தானுங்க சார்" என்றார் கேட் பள்ளித் தலைமை ஆசிரியை.

"பிள்ளைங்க பேரெல்லாம் இவங்க ஸ்கூல்லதானுங்களே இருக்குது" என்று குளத்துப் பள்ளித் தலைமை ஆசிரியை எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"நாங்க வேனுல ஏத்தி அனுப்புறதோட சரிங்க" என்றார் எங்கள் தலைமை ஆசிரியை.

அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சர்க்காருக்கே உரிய வேகத்தில் ஒரு முடிவு வந்தது. இங்கே வசதி இல்லாததால் இந்த சயின்ஸ் குரூப், வசதி இருக்கிற பள்ளிக்கு மாற்றப்படும். வசதி எங்கே இருந்தது? ஏற்கெனவே இரண்டு பிரிவு வைத்திருந்த ஊர் நடுப் பள்ளியில். அங்கே மூன்றாவது பிரிவு தொடங்கியது. அதில் இடமெல்லாம் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கே போதவில்லை. நாங்கள் நடு வருஷத்தில் எங்கள் பள்ளியிலேயே காமர்ஸிலோ தையல் குரூப்பிலோ சேர்ந்துகொள்ளலாம் என்று சலுகை தந்தார்கள். காமர்ஸில் பெஞ்சு இல்லை.

அம்மா முதலாளியைப் பார்க்கப் போனாள். என்னையும் கூட்டிப்போனாள். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"முதலாளி, எம் புள்ள நர்சுக்குப் படிக்கணும்னு கெடக்கு. ஒரு வழி சொல்லுங்க."

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"என்ன பண்றதுங்க அம்மிணி, நான் யாருக்கும் வஞ்சன பண்ணலீங்களே. மூணு ஸ்கூலுக்கும் ஒரே மாதிரி பிரிச்சேன், இப்ப மூணு ஸ்கூலுக்கும் ஒரே மாதிரி இல்லாம போச்சு. தையல் படிக்கட்டுங்க. நம்மூர்ல அது தங்கமுங்க."

படித்தேன். கோபத்தில் படித்தேன். சட்டைக் கழுத்தையும் கையையும் காகிதத்தில் வரையும்போது யாரையோ வெட்டுகிற மாதிரி வெட்டினேன். பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் கல்வி மாவட்டத்திலேயே அந்தப் பிரிவில் நான்தான் முதல் மதிப்பெண். அதே சமயம் தங்கை பத்தாம் வகுப்பில் என்னைவிட நல்ல மார்க் வாங்கித் தேறியிருந்தாள். வீட்டில் அப்பா ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து லைன் வீடு முழுக்கக் கொடுத்தார்.

பள்ளியில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பந்தல், ரேடியோ செட், பொன்னாடை, பரிசாக ஒரு தையல் மிஷின். அம்மாவும் தங்கையும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதே கல்வி அதிகாரி வந்திருந்தார். தலைவர் மைக்கை என் முன் நீட்டி, ஆசையாகக் கேட்டார்.

"சொல்லு கண்ணு, மேல என்ன பண்ணப் போறே?"

"எனக்கு நர்ஸாகணும்னுதாங்க ஆசை" என்றேன். மைக்கில்தான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்டது.

அவர் முகம் மலர்ந்தது.

"அட, அதுக்கென்ன கண்ணு. ஆஸ்பத்திரிக்காரங்க போடுற கோட்டு, பச்சை டிரஸ்ஸு எல்லாம் இப்ப நம்ம கம்பெனிலதான் ஓடுது. நாளைக்கே வந்து சேர்ந்துக்க."

கூட்டம் சிரித்துக் கை தட்டியது. நானும் சிரித்துத் தொலைத்தேன். மேடையில் பொன்னாடையோடு நிற்கிறவள் வேறென்ன செய்வாள்? பிறகு அதிகாரி எழுந்தார். இந்த மாணவியின் வெற்றி, இந்தப் பகுதிப் பிள்ளைகளின் திறமை எதில் இருக்கிறது என்பதைத் துறைக்குக் காட்டிவிட்டது என்றார். அதைப் பாராட்டும் விதமாக இந்த ஆண்டு முதல் இந்தப் பள்ளிக்கு ஆடை வடிவமைப்பில் இன்னொரு பிரிவு வழங்கப்படுகிறது என்று அறிவித்தார்.

பந்தலே அதிரும்படி கை தட்டினார்கள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று அம்மாவும் தட்டினாள். தங்கை மட்டும் கைகளை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே அவள் அந்தப் புதிய பிரிவில் சேர்ந்தாள். இடம் தாராளமாகக் கிடைத்தது.