வேறு கம்பெனி லென்ஸ்

என் மனைவி சவூதிக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது எங்கள் மகளுக்குப் பதினான்கு மாதம். கல்யாணத்துக்கு முன்பே அவள் எழுதிப் போட்டிருந்த வேலை அது. நாங்கள் இரண்டு பேருமே அதை மறந்துவிட்டிருந்தோம். விசா வந்த அன்று கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "போகட்டுங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம்தானே, போயிட்டு வா," என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

நான் தெர்மல் மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். மீட்டர்களையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. டவுன்ஷிப்பில் இரண்டு அறைகள் உள்ள குவார்ட்டர்ஸ். நான் ஷிப்டுக்குப் போகும் நேரங்களில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எதிர் குவார்ட்டர்ஸில் டெலிபோன் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி அந்த நம்பருக்குக் கூப்பிடுவாள். மூன்று நிமிஷம் பேசுவோம். அதில் ஒரு நிமிஷம், "பாப்பா, பேசும்மா, அம்மாகிட்ட பேசு," என்று நான் கெஞ்சுவதிலேயே போய்விடும்.

ஐந்தாவது மாதம் என் மனைவியோடு வேலை செய்த ஒரு பெண் லீவில் வந்தபோது ஒரு பார்சல் கொண்டுவந்தார். மஞ்சள் கவுன் ஒன்று, கேமரா ஒன்று, நாலு ஃபிலிம் ரோல், ஒரு கடிதம். "கேமரா நல்ல கம்பெனி. லென்ஸ் மட்டும் வேறு கம்பெனி. அதோட லென்ஸ் கடையில் இல்லை. இதுவும் சரியாகப் பொருந்தும் என்று கடைக்காரர் மாட்டிக் காட்டினார். மாசம் ஒரு ரோல் எடுத்து அனுப்புங்கள். அவள் வளர்வதை நான் பார்க்க வேண்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் பாப்பாவை மஞ்சள் கவுனில் நிறுத்தி, கேமராவில் வெளிச்சம் காட்டும் மீட்டரைப் பார்த்துப் பார்த்து முப்பத்தாறு படமும் எடுத்தேன். நல்ல பத்தரை மணி வெயில். மூன்று நாள் கழித்து பஜாரில் ஸ்டுடியோவுக்குப் போனால், கடைக்காரர் கவரைக் கொடுக்கும்போதே என் முகத்தைப் பார்க்கவில்லை.

படங்களில் வானம் இல்லை. கவுனின் மஞ்சளும் இல்லை. சுண்ணாம்புச் சுவரில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்து வைத்ததுபோல இருந்தது என் மகளின் முகம்.

"ஓவர் எக்ஸ்போஸ் ஆயிடுச்சு சார், வெளிச்சம் ஜாஸ்தியா விழுந்திருக்கு. நெகட்டிவ் எப்படிக் கன்னங்கரேல்னு இருக்கு பாருங்க. பிரிண்ட்ல எவ்வளவு இழுத்தாலும் இவ்வளவுதான்."

"மீட்டர் காட்டின மாதிரிதாங்க வச்சேன்."

அவர் கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "லென்ஸ் வேற கம்பெனியா இருக்கே. ரெண்டுக்கும் ஒத்துப்போகல போல."

இருந்ததில் சுமாரான நாலு படங்களைத் தபாலில் சேர்த்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "படங்கள் கிடைத்தன. ரூமில் எல்லோரும் பார்த்தார்கள். உங்கள் ஊரில் பனியா என்று ஒருத்தி கேட்டாள். பாப்பா சிரிக்கிறாளா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாளா? எனக்குத் தெரியவில்லை. பல் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. நீங்களே எண்ணி எழுதுங்கள்."

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் ஷிப்டுக்குப் போய்வந்தேன்.

இரண்டாவது ரோலில் ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் திறப்பை என்ன எண்ணில் வைத்தேன் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். அதுவும் வெளுத்துத்தான் வந்தது. ஆனால் கடைசி மூன்று படங்கள் நன்றாக இருந்தன. அக்கா வாசலில் உட்கார்ந்து பாப்பாவுக்குச் சாதம் ஊட்டும்போது, வெளிச்சம் மங்கிய நேரத்தில், லென்ஸை முழுசாகத் திறந்து வைத்து எடுத்தவை. தாளையும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. லென்ஸை முழுசாகத் திறந்தால் சரியாக வருகிறது, திறப்பைக் குறைத்தால்தான் வெளுக்கிறது.

கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து, ஃபிலிம் இல்லாமல், ஜன்னல் பக்கம் பிடித்து அழுத்தினேன். படம் எடுக்கிற அந்தக் கணத்தில் லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் சட்டென்று கூடி, வெளிச்சம் வரும் துளையைச் சின்னதாக்க வேண்டும். இவை தூக்கத்திலிருந்து எழுந்து வருவதுபோல வந்தன. அதற்குள் ஷட்டர் திறந்து மூடிவிட்டது. தகடுகளின்மேல் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தது. தெர்மலில் தினமும் நான் பார்க்கிற நோய்தான். மூடச் சொல்லிக் கட்டளை போகும், வால்வு இறுகிக்கொண்டு அப்படியே நிற்கும்.

சென்னைக்கு அனுப்பலாம் என்றார் ஸ்டுடியோக்காரர். இரண்டு மாதம் ஆகும் என்றார். அந்த இரண்டு மாதத்தில் பாப்பா வேறொரு பாப்பாவாகிவிடுவாள். நானே பிரிக்கலாம். ஆனால் அது அவள் வாங்கி அனுப்பியது, திருப்புளியை எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டேன். இனி லென்ஸை முழுசாகத் திறந்தே வைத்துக்கொள்வது, தகடுகளுக்கு வேலையே கொடுப்பதில்லை, ஷட்டரை மட்டும் வேகமாக்கிக்கொள்வது, வெயிலில் எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்படித்தான் எங்கள் சாயங்காலங்கள் ஆரம்பித்தன. காலை ஷிப்ட் வாரங்களில் குளித்துவிட்டு வந்ததும் ஐந்தரை மணிக்குக் கேமராவை மாட்டிக்கொள்வேன். பாப்பா என் விரலைப் பிடித்துக்கொள்வாள். சைக்கிள்கள் திரும்பி வரும் ரோடு ஓரமாக, வேப்பமரங்களுக்குக் கீழே நடப்போம். நாளுக்கு இரண்டு படம், அவ்வளவுதான். ஒரு நாள் அக்காவும் கூட வந்தார். பாப்பா கேமராப் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுக்குள்ளாறதான் உங்கம்மா குந்திகினு உன்னப் பாத்துகினு இருக்குது. சிரி கண்ணு," என்றார் அக்கா.

பாப்பா திரும்பினாள். கிட்டே வந்தாள். லென்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடிமேல் உதட்டை வைத்து ஈரமாக ஒரு முத்தம் கொடுத்தாள். அதன்பிறகு கேமராவை எடுத்தாலே, "ம்மா," என்று ஓடி வருவாள். அப்படிச் சொல்லாதீங்க அக்கா என்று நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. என் மனைவிக்கும் இதை எழுதவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

மூன்றாவது ரோல் கிடைத்த வெள்ளிக்கிழமை அவள் கூப்பிட்டாள். ஹலோ சொன்னபிறகு கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"என்ன, லைன் கட்டாயிடுச்சா?"

"இல்லங்க. மேல எட்டு, கீழ ஆறு. எண்ணிட்டேன். ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா ஏங்க எல்லாப் படத்துலயும் சாயங்காலமாவே இருக்கு? பகல்ல அவ எப்படி இருப்பா?"

லென்ஸைப் பற்றி விளக்கினேன். "சரிங்க, சரிங்க," என்றாள். ரிசீவரை வைத்தபிறகும் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. அவள் கிளம்பிய நேரம் காலை பதினொரு மணி. வாசலில் நல்ல வெயில். பாப்பாவை அவள் கடைசியாகப் பார்த்தது அந்த வெளிச்சத்தில்தான்.

பகல் வெயிலில் முழுத் திறப்பு என்றால் இருக்கிற ஷட்டர் வேகம் போதாது. வெளிச்சத்தை வெளியிலேயே குறைத்தாக வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எதிர் குவார்ட்டர்ஸ்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கூலிங் கிளாஸைக் கழற்றியபோது, "சார், அதைக் கொஞ்சம் குடுங்களேன்," என்றேன்.

ஒரு கையால் கேமரா, இன்னொரு கையால் கூலிங் கிளாஸின் ஒரு கண்ணை லென்ஸுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்துக்கொள்வது. மீட்டர் முள் இறங்கி நடுவில் வந்து நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. எதிர் வீட்டு அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாப்பாவை வாசல் படியில், அவள் அம்மா பெட்டியோடு நின்ற அதே இடத்தில் நிறுத்தி, பதினொரு மணி வெயிலில் ஆறு படம் எடுத்தேன். லேசான பழுப்பு நிறம் ஏறியிருந்தது. மற்றபடி எல்லாம் இருந்தது. நெற்றியில் வேர்வை, பக்கத்தில் அவளுடைய குட்டையான நிழல், கொடியில் காயும் என் காக்கி பேன்ட்.

அதற்கு வந்த பதில் ஒரே வரி. "இந்தப் படங்களை யாருக்கும் காட்டவில்லை, நான் மட்டும் வைத்திருக்கிறேன்."

சொன்னதற்கு மூன்று மாதம் தள்ளி அவள் திரும்பி வந்தாள். ஏர்போர்ட்டில் பாப்பா என் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைக் காட்டவில்லை. என் மனைவி வற்புறுத்தவில்லை. "பரவாயில்லங்க, நான்தானே போனேன்," என்றாள். இரண்டு நாள் ஒரே வீட்டில் விருந்தாளி மாதிரி நடமாடினாள். மூன்றாம் நாள் பாப்பா தானாகவே சீப்பை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். சீப்பைத் தலையில் வைத்தவள் கொஞ்ச நேரம் இழுக்கவே இல்லை.

அன்று மதியம் ஆல்பத்தைத் திறந்து ஒவ்வொரு படமாகக் கேட்டாள். இந்த முழங்கால் காயம் எப்படி வந்தது, இந்தச் செருப்பு யார் வாங்கியது, இங்கே எதற்கு அழுகிறாள்? எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கேட்டு முடித்ததும் நான் கேட்டேன்.

"உன் போட்டோ ஒண்ணுகூட எடுத்துட்டு வரலியே?"

"எடுக்க அங்க யாருங்க இருந்தா? டூட்டி கார்டுல ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. கிளம்பும்போது அதையும் வாங்கிக்கிட்டாங்க."

அவள் வந்தபோது காதோரம் சில முடிகள் நரைத்திருந்தன. கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது நரைத்தது, முதன்முதலாகக் கண்ணாடி போட்ட அன்று எப்படி இருந்தாள், வெள்ளிக்கிழமை ஃபோனை வைத்துவிட்டு அவள் ரூமுக்கு நடந்துபோகும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாசாமாசம் முப்பத்தாறு படம் அங்கே போனது. அங்கிருந்து ஒன்றும் வரவில்லை, கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் எப்போதாவது அவளிடம், "அப்ப நீ எப்படி இருந்தே?" என்று கேட்பேன்.

"இதே மூஞ்சிதாங்க," என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள்.