ஓடிப்போன எலுமிச்சம்பழம்

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பெரிதாக்கித் தரும்படி நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது அங்கிருந்த பெண் பெருமையாக நீட்டினாள். "கீழ் மூலையில வெள்ளையா ஒரு அழுக்குக் கோடு இருந்துச்சுங்கய்யா. சுத்தமா அழிச்சுட்டேன்." கோடு இருந்த தடமே தெரியவில்லை. படத்தை அப்படியே அவளிடம் திருப்பி நீட்டினேன்.

கோட்டை அழிக்க எனக்குத் தெரியாதா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். மூட்டை தூக்கி கேமரா வாங்கி, சேந்தமங்கலத்தில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்தேன். பென்சிலும் பிரஷ்ஷும் இருந்தால் போதும், அம்மைத் தழும்பை எடுப்பேன், மாறுகண்ணை நேராக்குவேன். என் கை பட்ட போட்டோவால் முடிந்த கல்யாணங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ. என் படத்தில் ஒருவர் பல்லும் தெரியாது. பல் தெரிந்தால் முகம் கலைந்துவிடும் என்பது என் சட்டம். அந்தச் சட்டம் உடைந்தது ஒரே ஒரு தடவைதான்.

எழுபதுகளின் கடைசி. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் புது வண்டிக்குப் பூஜை, படம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். பச்சை லாரி மாலையோடு நின்றது. சக்கரத்தடியில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம். பக்கத்தில் சக்கர நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவர். அவர்தான் முதலாளி என்றார்கள். ஊரார் லாரியைப் பல வருஷம் ஓட்டியவர். லோடு சரிந்து இடுப்பில் விழுந்ததில் கால் இரண்டும் போய்விட்டன. அதன் பிறகு உட்கார்ந்த இடத்திலேயே மற்றவர்கள் லாரிக்கு லோடு பிடித்துக் கொடுத்து, தனக்கென்று முதல் லாரியை வாங்கியிருக்கிறார்.

அவருடைய மச்சினன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மொதப் படத்துல சக்கர நாற்காலி விழுந்தா லாரிக்கு ஆகாதுங்க. மர நாற்காலியில உக்கார வெச்சு எடுத்துருங்க."

"அத எங்கிட்ட உடுங்க" என்றேன். மறைப்பதுதானே என் தொழில். மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, லாரியையும் சக்கரத்தக் கழட்டிப்போட்டுத்தான் படம் எடுப்பீங்களா?"

மர நாற்காலியைக் கீழே வைத்தேன்.

"லாரிக்கு மிஞ்சின இரும்புல, இதே பட்டறையில செஞ்ச நாற்காலிங்க. அதே பச்சைப் பெயிண்டு. ரெண்டும் புதுசு, ரெண்டும் என் வண்டி" என்றவர், மனைவியைப் பார்த்து, "இதுக்கும் பழம் வையி" என்றார்.

மச்சினன் முகம் சுண்டிப்போய்த் தள்ளி நின்றுகொண்டார். லாரி நகர்ந்தது, பழம் நசுங்கியது. அடுத்து அவர் தன் சக்கரத்தைக் கையால் உந்தினார். சைக்கிள் சக்கரம்தானே! பழம் நசுங்காமல் வழுக்கிக்கொண்டு துள்ளி ஓடியது. சகுனம் கெட்டதே என்று மச்சினன் பதறி, அதைப் பிடிக்கக் குனிந்தபடி ஓடினார்.

"புடிக்காத மாப்ள" என்றார் முதலாளி. "திருஷ்டி தானாப் போகுது. மறுபடி ஊட்டுக்குக் கூட்டியாந்துராத."

குனிந்தவர் குனிந்தபடியே சிரித்துவிட்டார். முதலாளியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். 'ரெடி' சொல்லாமலே, பழம் ஓடி முடிவதற்குள் என் விரல் அமுக்கிவிட்டது.

அப்புறம் எல்லோரையும் நிறுத்தி, வாயை மூடச் சொல்லி, ஒழுங்காக ஒன்று எடுத்தேன். ஒரு வாரம் கழித்து இரண்டையும் காட்டினேன். ஒழுங்கான படத்தைத் தள்ளிவைத்தவர் மச்சினன்தான். "இதையே லாரிக்குள்ள மாட்டோணுங்க" என்று சிரிப்புப் படத்தை எடுத்துக்கொண்டார். மூலையில் பழம் ஓடிய வேகம் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அழித்துத் தருகிறேன் என்றேன். முதலாளி விடவில்லை.

"அது போறதுதானுங்களே படமே."

முதலாளியோடு அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை இருக்கிறது. நாளைக்கு அவருடைய மகள் வாங்கிய லாரிக்குப் பூஜை. அதற்குத்தான் இந்தப் பெரிய படம். கதையைக் கேட்டதும் கடைப் பெண் சிரித்துக்கொண்டே கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தாள். நாளைக்கு அவர் கையில் கொடுப்பேன். வாங்கியதும் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். மூலையைத்தான் பார்ப்பார்.