கிளி வளையலும் நான் பிடித்த திருடனும்

ஏழு வயதில் நான் ஒரு திருடனைப் பிடித்தேன். அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்தார். அம்மாவும் எங்களோடு இருந்த சித்தியும் வீட்டிலேயே தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டினார்கள். சித்திக்குத் திருத்தங்கலில் மாப்பிள்ளை அமைந்தது. நாலு பவுனில் வளையல், அது போகத் தோடு என்று பேச்சு. வீட்டில் இருந்ததோ அம்மா கையில் கிடந்த இரண்டு வளையல்கள்தான். மொத்தமே நாலு பவுன். இதெல்லாம் பெரியவர்கள் விவகாரம், எனக்கு அப்போது தெரியாது.

நகை செய்ய வந்த ஆசாரி ஒரு வழி சொன்னார். பழைய வளையல்களை உருக்கி அகலத் தகடாக அடிப்பது. கொடியும் கிளியும் மட்டும் நிற்க, இடையில் உள்ளதை எல்லாம் அறுத்து எடுத்துவிடுவது. வளையல் பார்வைக்குப் பெரிதாக இருக்கும், அறுத்த துணுக்குகளை எடுத்துப் போய்த் தன் வீட்டில் வைத்துத் தோடும் செய்துவிடுவார். இது அவருக்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் மட்டுமே தெரியும். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆசாரி நம் வீட்டுக்கே வந்து வேலை செய்வதும், வீட்டு ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பதும் அப்போது வழக்கம். அதைக் காவல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று அம்மா என்னை உட்கார வைத்தாள். நான் அதை மெய்யான உத்தியோகமாக எடுத்துக்கொண்டேன்.

ஊசியால் கிளியை வரைந்து, சிறு துளை போட்டு, நூல் போன்ற ரம்பத்தை அதில் நுழைத்து அறுப்பார். சிறகுக்கும் கொடிக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். விழுந்த துணுக்குகளைத் தகர டப்பாவில் போட்டுத் தன் பையில் வைத்துக்கொள்வார். டப்பா தினமும் அவரோடு போனது. அம்மாவிடம் சொன்னேன். பேசாமல் போய் உட்காரச் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அம்மா நகை பார்க்க வந்த அன்று ஆசாரியும் இருந்தார். அந்த அம்மாள் வளையலை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"பாக்க அகலமாத்தான் இருக்கு. கனத்தக் காணமே. நாலு பவுனுன்னுல்ல சொன்னீக?"

அம்மா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். ஓட்டை இருக்கிற இடத்துத் தங்கத்தை எல்லாம் ஆசாரி டப்பாவில் போட்டுக்கொண்டு போனார், நான் பார்த்தேன் என்றேன்.

ஆசாரி அம்மாவைப் பார்த்தார். பிறகு தலை குனிந்துகொண்டார்.

"பிள்ள சொல்லுறது நெசந்தான். சபலம், எடுத்துட்டேன். இவுகளுக்கு ஒண்ணுந் தெரியாது."

கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஏமாந்தவர்களை என்ன சொல்வது என்று அந்த அம்மாள் இரக்கப்பட்டு, வளையலைத் தன் கையாலேயே சித்திக்குப் போட்டுவிட்டாள். அவர் திருடிய தங்கம் அந்நேரம் சித்தியின் காதில் தோடாகத் தொங்கியது. சித்தி தலை நிமிரவே இல்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. பேச்சு ஊரெல்லாம் பரவி, அதன் பிறகு எந்த வீட்டிலும் ஆசாரியைக் கூப்பிடவில்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் அவர் குச்சி அடுக்குவதைப் பார்த்ததாகச் சொன்ன அப்பா, திருடினால் அப்படித்தான் என்றார். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

மறுநாள் வெற்றிலை பாக்கோடு என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். அம்மா அவரைக் கும்பிட்டு நின்று அழுதாள். திருடனைப் பார்த்து எதற்குக் கும்பிடுகிறாள் என்று எனக்குக் கோபம்.

"அழாதீக தாயி. பிள்ள கண்டதத்தான சொல்லுச்சு" என்றார் அவர்.

திரும்பி வரும்போது, தங்கத்தைக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன்.

"குடுத்துட்டாரு" என்றாள் அம்மா.

இடுப்பில் முடிந்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.