காப்புக் கட்டிய கையில் ஒரு பாட்டில்

இதை எழுத வேண்டும் என்று நோட்டை எடுப்பேன். தேதியைப் போட்டதும் மூடிவிடுவேன். இப்படியே பல வருஷம் போய்விட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் வந்த தயக்கம் இல்லை. நான் செய்த காரியம் அப்படி.

அறுபதுகளில் தாராவியில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. என் மனைவிக்கு வலது அடிவயிற்றில் மாசக்கணக்காக ஒரு வலி, வரும், போகும். அது குணமாக வேண்டும் என்று தாராவியிலேயே இருந்த எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அக்கினிச் சட்டி எடுப்பதாக நேர்ந்து, கையில் காப்புக் கட்டினேன். காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாள் கவுச்சி கூடாது, சாவு வீடு கூடாது, தீட்டு எதுவும் மேலே படக் கூடாது.

ஐந்தாம் நாள் காலையில் அவள் அடுப்படியிலேயே சுருண்டு விழுந்தாள். பக்கத்தில் தோல் பட்டறை வைத்திருந்த பாய் எங்கள் ஜில்லாக்காரர். அவர்தான் டாக்ஸி பிடித்து, மாட்டுங்காவில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார். அன்றைக்கே ஆபரேஷன் செய்து குடல்வாலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். மருந்துத் தண்ணீருக்குள் விரல் நீளத்தில் அந்தக் குடல்வால் கிடந்தது.

“இதோட நுனியில பாருங்கோ, மஞ்சளா ஒரு கட்டி. கடலைப்பருப்பு அளவுதான். வேற ஜாதிக் கட்டி மாதிரி தெரியறது. பரேல் லாபுக்குக் கொண்டுபோய்க் குடுத்துடுங்கோ. வேர் ஓடியிருக்கா, இல்லையான்னு அவாதான் பாத்துச் சொல்லணும்.”

பாட்டிலை வாங்கினேன். மஞ்சள் துணிக் காப்பும் அந்தப் பாட்டிலும் ஒரே கையில். உடம்பு கூசியது.

வாசலில் நின்ற பாய் என் முகத்தைப் பார்த்தார். “கொண்டாங்க அண்ணாச்சி, நான் போய்க் குடுத்துட்டு வாரேன். ஒங்களுக்கு வெரதம். எனக்கென்ன, நித்தம் தோலுக்குள்ள கெடக்கவன்.”

கொடுத்திருக்கலாம். பெண்டாட்டி காரியத்துக்கு அடுத்தவனை அனுப்பினான் என்று யாராவது சொல்வார்களே என்று தோன்றியது. “வேண்டாம் பாய், நானே போயிருதேன்” என்றேன்.

பரேல் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. பிறகு எதிர்ப்பக்கம் நடந்து, தாராவிக்குப் பின்னால் இருக்கும் உப்பங்கழிச் சேற்றுக்கு வந்தேன். டாக்டர் லாபுக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தோடு பாட்டிலைத் தூக்கிப் போட்டேன். வீட்டுக்கு வந்து தலையோடு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, திருநீறு பூசிக் கோயிலுக்குப் போனேன். மனசு சுத்தமாக இருந்தது. இதைச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் கூசுகிறது. அவளுக்காகத்தான் விரதம் இருந்தேன். அந்த விரதத்துக்காக அவள் உயிருக்கு வேண்டியதைச் சேற்றில் போட்டேன்.

கொடை முடிந்தது. சட்டி எடுத்தேன். கை சுடவில்லை.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் ரிப்போர்ட் கேட்டார். “இன்னும் தரல சார்” என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“நான் லாபுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அப்படி ஒரு பாட்டிலே வரலேங்கறா.”

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். நான் காப்பைப் பற்றிச் சொன்னேன், சேற்றைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்த ஜாதிக் கட்டி சின்னதா, நுனியில இருந்தா, அநேகமா எடுத்ததோட போயிடும். வேர் ஓடியிருந்தா இன்னொரு தரம் திறந்து குடலையே கொஞ்சம் எடுக்கணும். அநேகமாங்கறதுக்கும் நிச்சயம்ங்கறதுக்கும் நடுவுல அந்த பாட்டில் ஒண்ணுதான் இருந்தது. இப்போ திறக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் கூட்டிண்டு வாங்கோ. முகம் திடீர் திடீர்னு செவந்தாலோ, வயத்தால போயிண்டே இருந்தாலோ அது கட்டி பரவினதுக்கு அடையாளம், அன்னிக்கே வாங்கோ.”

சயான் வழியாக நடந்தே திரும்பினோம். வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டே அவள் கேட்டாள்.

“அது என் வயித்துக்குள்ள இருந்தப்ப தீட்டு இல்லையா? அம்புட்டு நாளும் நான் பொங்குன சோத்தைத்தான தின்னிய?”

நான் எழுந்து கடைப் பக்கம் போனேன்.

அதற்குப் பிறகு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது என் வேலையாகிவிட்டது. அடுப்புக்கு முன்னால் அவள் கன்னம் சிவந்தால் போதும், கடையை விட்டு உள்ளே வந்து நிற்பேன்.

“அடுப்புச் சூடு. கட்டியுமில்ல, கிட்டியுமில்ல. போயி யாவாரத்தப் பாருங்க” என்பாள்.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். “இப்போதைக்கு ஒண்ணும் இல்லே” என்பார். அந்த ‘இப்போதைக்கு’ அடுத்த ஆறு மாசமும் என்னோடு கூடவே வரும்.

நான்காம் வருஷக் கொடையில்தான் என் இரண்டாவது தப்பு நடந்தது. கோயில் கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்து, இவர் பெண்சாதி வயிற்றில் இருந்த கட்டியை அம்மன் கரைத்தாள், டாக்டரே மலைத்துப்போனார் என்று சொன்னார். எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நான் தலையைக் குனிந்து கட்டிக்கொண்டேன். கூட்டத்தில் மாவிளக்குத் தட்டோடு அவள் நின்றிருந்தாள். பின்னால் வேலியோரம் பாய் நின்றார். பாயிடம் நானே ஒருநாள் நடந்ததைச் சொல்லியிருந்தேன்; இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் அவள் சொன்னது ஒன்றுதான். “அம்மன் என்னயக் காப்பாத்துனான்னு நானும் நம்புதேன். ஆனா அவ பேரச் சொல்லி ஒங்க தப்ப மூடாதிய.”

அவள் இன்றும் இருக்கிறாள். கட்டி வரவில்லை. அதற்கு நான் தினமும் அம்மனைக் கும்பிடுகிறேன். கும்பிடுகிற கையைப் பார்க்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதையை இன்னமும் கரைந்த கட்டியின் கதையாகத்தான் சொல்கிறார்கள். நீங்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால் ஒன்றையும் கூட்ட வேண்டாம், எனக்காக இரக்கப்பட்டு ஒன்றையும் குறைக்க வேண்டாம். அம்மனைச் சொல்லுங்கள், பாய் கையை நீட்டியதையும், நான் கொடுக்காததையும், சேற்றில் விழுந்த பாட்டிலையும் சேர்த்தே சொல்லுங்கள்.