‘இல்லை’ வாங்கித் தந்த மார்லிஸ்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலச் சட்டசபையில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு கிறுக்குத்தனமான மசோதா வந்தாலும் அதைக் கிடப்பில் போட முடியாது. விசாரித்து, ஓட்டெடுத்து, உண்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும். அந்தச் சபையில் இருபது வருடம் உட்கார்ந்திருந்த மார்லிஸ் ட்வைட் கொண்டுவந்த மசோதாக்களில் பாதிக்கு மேல் மண்ணைக் கவ்வின. அவள் அசரவே மாட்டாள். தோற்கடித்தவர்களோடு அதே மத்தியானம் ஒரே மேசையில் உட்கார்ந்து சூப் குடிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் வாஷிங்டனில், ஐந்து பேர் கொண்ட எரிசக்தி ஆணையத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். எரிவாயுக் குழாய் ஒரு மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் அவர்கள் சம்மதிக்க வேண்டும். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவள் கண்ணில் பட்டது ஆர்டிஸ் வோல்க்கின் மனு.

ஆர்டிஸ் அவள் ஊர்க்காரி, சூரியகாந்தி போடுகிறவள். அவள் நிலத்தின் குறுக்கே குழாய் பதிக்க ஆணையம் முன்பே அனுமதி கொடுத்திருந்தது. மறுபடி யோசியுங்கள் என்று ஆர்டிஸ் மனுப் போட்டதற்கு, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி வந்ததோடு சரி. கிணற்றில் போட்ட கல். முடிவான பதில் வராமல் கோர்ட் வாசலை மிதிக்க முடியாது. பொக்லைனோ பக்கத்து வயல்வரை வந்துவிட்டது. நிலத்தைக் கிழித்த பிறகு கோர்ட்டுக்குப் போய் என்ன பிரயோஜனம்?

முடிவு தெரியும்வரை மனுப் போட்டவரோடு ஆணையத்தார் பேசக் கூடாது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, சர்ச்சில் நடந்த மீன் விருந்தில் ஆர்டிஸ் எதிரே வந்து உட்கார்ந்ததும், மார்லிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“வாஷிங்டன் தண்ணி வாயக் கட்டிருச்சாக்கும்,” என்றாள் ஆர்டிஸ், ஊரே கேட்க.

மார்லிஸுக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தை அப்படியே மூட்டை கட்டி வாஷிங்டனுக்குக் கொண்டுபோனாள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் மனு என்ன ஆயிற்று என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார் தலைவர். அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டாள், அதே பதில். விட்டேனா பார் என்று மறுபடியும் எழுந்தாள்.

“எங்க சபையில பூனைக்கு லைசென்ஸ் கேட்டு ஒருத்தர் மசோதா கொண்டாந்தாரு. அதுக்கே உக்காந்து விவாதிச்சு, ஓட்டுப் போட்டுத் தோக்கடிச்சோம். பூனைக்குக் கெடச்ச மரியாத இந்தம்மாவுக்குக் கெடையாதா? மாட்டோம்னா மாட்டோம்னு சொல்லிருங்க. சொல்லாம இழுக்கிறதுதான் அநியாயம்.”

கூட்டம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஓட்டெடுத்தார்கள். நாலு பேர் எதிர்ப்பு, மார்லிஸ் ஒருத்தி ஆதரவு. மனு தள்ளுபடி.

ஆறுதல் சொல்ல வந்த தலைவர், அவள் வாயெல்லாம் பல்லாக நிற்பதைப் பார்த்துத் திகைத்தார். தோத்துட்டீங்களே மேடம், என்ன சிரிப்பு என்று கேட்டார்.

“இனி அந்தம்மா கோர்ட்டுக்குப் போகலாமில்ல, சார்.”

ஆர்டிஸ் அதே வாரம் போனாள், அந்தத் தள்ளுபடி உத்தரவைக் கொடிபோல் பிடித்துக்கொண்டு. விசாரணை முடியும்வரை அவள் நிலத்தில் தோண்டக் கூடாது என்றார் நீதிபதி. வேலியோரம் நின்ற பொக்லைன் லாரியில் ஏறித் திரும்பிப் போனது. ஆணையத்தில் ஊறிக் கிடந்த மற்ற மனுக்களும் ஒவ்வொன்றாக ஓட்டுக்கு வந்தன.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஆர்டிஸிடம் மார்லிஸைப் பற்றிக் கேட்டார்.

“இருபது வருஷத்துல அவளுக்கு ஒரு தடவகூட நான் ஓட்டுப் போட்டதில்ல. இப்பப் போடலாம்னு பாத்தா, பாவி, தேர்தல்ல நிக்கிறதையே விட்டுட்டா.”