துண்டுத் தூக்கத்துக்கு ஒரு சாட்சி

அறுபதுகளின் தொடக்கத்தில், திருத்தங்கலுக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். விருதுநகரில் படித்துப் பட்டம் வாங்கி, சர்க்கார் உத்தியோகத்துக்குப் பரீட்சையும் எழுதிவிட்டு, உத்தரவு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று சேர்ந்த வேலை. ஆட்கள் வருவதையும் போவதையும் பதிவது சம்பளத்துக்காகச் செய்தது. வெடிமருந்து விதிகளை மனப்பாடம் செய்தது என் சொந்த ஆசை. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், இரும்புச் சாமான் ஏன் கூடாது என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பவும் இல்லை, கேட்கவும் இல்லை.

அந்த விதிப் புத்தகத்தில் இல்லாத ஒரு விதி எங்கள் கம்பெனியில் இருந்தது. மருந்து கலக்கும் அறைக்குள் போகிற ஆள் முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கினேன் என்று அவனே சொன்னால் செல்லாது. அவன் வீட்டு ஆள் சொல்ல வேண்டும். கலவை ஆட்களின் மனைவியோ அக்காவோ யாராவது ஒருத்தி அதே கம்பெனிக்குத் திரி வெட்டவோ பெட்டி ஒட்டவோ வருவாள். காலையில் போர்மேன் வாசலில் நின்று அவளிடம் கேட்பார். அவள் தலையாட்டினால் அவன் மருந்து அறைக்குப் போகலாம். உதட்டைப் பிதுக்கினால் அன்றைக்கு வேறு வேலை.

ஆளையே கேட்டால் என்ன என்று சேர்ந்த புதிதில் நான் விசாரித்தேன்.

"குடிச்சவன் என்னைக்கு சார் குடிச்சேன்னு சொல்லிருக்கான்? தூக்கமில்லாதவனும் அப்படித்தான். நல்லாத்தானே இருக்கேன்பான்" என்றார் போர்மேன்.

இதற்கு விதியில் ஆதாரம் இல்லையே என்றேன்.

"அப்ப எழுதிச் சேத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் குடியிருந்தது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டில் ஒரு கலவை ஆள், அவர் மனைவி, ஒரு பெண் குழந்தை. அவர் மனைவிக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்கு அத்தை வீட்டுக்குப் போனவள், அங்கே எத்தனை நாள் இருப்பது என்று மூன்றாம் மாதமே திரும்பிவிட்டாள். கைக்குழந்தையோடு கம்பெனிக்கு வர முடியாது. வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக் கூடு ஒட்டிக் கொடுத்தாள். அதனால் அவருக்கு வாசலில் சாட்சி சொல்ல ஆள் இல்லை. போர்மேனின் பார்வை என் மேல் விழுந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் சுக்குக் கஷாயம் வைப்பார்கள். இப்படியாக, பட்டம் பெற்ற நான் அடுத்த வீட்டுக்காரரின் தூக்கத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட சாட்சியானேன்.

அந்தக் குழந்தை யார் வீட்டுக் கடிகாரத்தையும் மதிக்கவில்லை. கொஞ்சம் தூங்கும், கொஞ்சம் அழும், கொஞ்சம் சிரிக்கும், மறுபடி அழும். அவர் நல்ல மனிதர். மனைவியை மட்டும் விழிக்க விடாமல் தானும் எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அந்தச் சமயத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், மனிதன் ஒரே நீட்டாகத் தூங்க வேண்டிய அவசியமே இல்லை, நாளெல்லாம் துண்டு துண்டாகத் தூங்கினாலும் போதும் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன். படித்ததை அடுத்தவருக்குச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் செரிக்காது. காலையில் பல் விளக்கும்போது அவரிடம் விளக்கினேன்.

"நம்ம தெரு நாயும் அப்படித்தான் சார் தூங்குது. அதுக்கும் ஒரு பி.ஏ. குடுத்துரலாம்" என்றார் அவர்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நாய்க்குக் கூடு ஒட்டுற வேலை இல்லண்ணே."

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அந்த வாக்கியத்தையும் மறந்துபோனேன்.

தீபாவளி சீசன் நெருங்கியது. ஆர்டர் குவிந்தது. ஒருநாள் காலை போர்மேன் வழக்கம்போல என்னைக் கேட்டார்.

"தூங்குனானா?"

பொய் சொல்லவும் மனமில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வேலையைக் கெடுக்கவும் மனமில்லை. பத்திரிகைக் கட்டுரை கைகொடுத்தது. "மொத்தம் ஆறு மணி நேரம் இருக்கும்" என்றேன்.

"மொத்தமா? இது என்ன விருதுநகர் மிளகா யாவாரமா, மூடைக் கணக்குல சொல்ல? ஒரே மூச்சாத் தூங்குனானா, விட்டு விட்டா?"

"விட்டு விட்டுத்தான். ஆனால் கூட்டிப் பார்த்தால்..."

"கூட்டாதீக சார். ஒரு வேட்டியும் ஆறு கோமணமும் ஒண்ணா?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரைப் பெட்டி ஒட்டும் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார் போர்மேன். அங்கே முழுக்கப் பெண்கள். "வாங்க மதினி, வளவி போடாம வந்துட்டீகளே" என்று ஒருத்தி வரவேற்றாள். அவர் தலை நிமிரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது, "ஆமான்னு ஒத்த வார்த்தை சொன்னா என்ன சார்? சீசன்ல எனக்குப் பதிலா வேற ஆளைப் பழக்கிட்டாங்கன்னா அப்புறம் மருந்து ரூம் எனக்குக் கிடையாது" என்றார். கலவை ஆள் என்பது அங்கே ஒரு பட்டம். என் பட்டத்தைவிட மதிப்புள்ளது. அதை அவர் இழந்தால் அதில் என் பங்கும் இருக்கும்.

நடைமுறையில் ஓட்டை கண்டுபிடிப்பது எனக்குக் கைவந்த கலை. ஊர்ச் சாவடியில் கல்யாணமாகாத இளவட்டங்கள் படுப்பது வழக்கம். குழந்தை அழுகை அதுவரை எட்டாது. அவர் அங்கே போய்ப் படுக்கட்டும், சாட்சி வேண்டுமே, நானும் பக்கத்தில் பாயை விரிக்கிறேன் என்று யோசனை சொன்னேன். அவர் தூங்குவதைப் பார்க்க நான் விழித்திருக்க வேண்டுமே என்ற சட்டச் சிக்கலை அவருடைய குறட்டை தீர்த்துவைத்தது.

"தூங்குனானா?"

"ஒரே மூச்சாக."

"அது பேச்சு."

மறுபடி மருந்து அறைக்குப் போனார். போர்மேனுக்குத் திருப்தி, அவருக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை. அவர் மனைவியும், "நல்ல வழி சொன்னீகண்ணே. அந்த ரூம்ல அவுக மட்டுமா இருக்காக, எம்புட்டுப் பேரு உசுரு" என்றாள். அந்த நாட்களில் அவள் கொடுத்தனுப்பிய குழம்பில் ஒரு நாள் உப்பே இருக்காது, மறுநாள் இரண்டு மடங்கு இருக்கும். ஓசிக் குழம்பில் குற்றம் காண்பது விதிமுறை அல்ல என்று சாப்பிட்டேன். ஒரு தடவை, கையில் பிடித்திருந்த பசைக் குச்சியை வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்கும் சிரித்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அவர் முடி வெட்டிக்கொள்ள சிவகாசிக்குப் போயிருந்தார். நான் என் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில் கயிறு கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று அது நின்றது. சற்று நேரத்தில், கூடு ஒட்டக் காய்ச்சும் பசை தீய்ந்த வாடை வந்தது.

"தங்கச்சி, பசை அடிப்பிடிக்குது!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். பதில் இல்லை.

எழுந்து அவர்கள் வாசலுக்குப் போனேன். புருஷன் இல்லாத வீட்டுக்குள் கல்யாணமாகாதவன் படி தாண்டக் கூடாது. எழுதாத விதியிலும் நான் தேறியவன். வெளியே நின்றே இன்னொரு தரம் கூப்பிட்டேன். பிறகுதான் உள்ளிருட்டுக்குக் கண் பழகியது.

அவள் அடுப்புக்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் பசை கிண்டும் கரண்டி, மறு கையில் தொட்டில் கயிறு. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் எரிந்துவந்த விறகு முறிந்து, கொள்ளி தரையில் விழுந்திருந்தது. அதற்கு அருகில் காயப் போட்டிருந்த தீப்பெட்டிக் கூடுகளின் குவியல். ஓரத்துக் கூடுகள் பற்றிக்கொண்டிருந்தன. அவளுடைய சேலைத் தலைப்பு அதன் மேல்தான் கிடந்தது. குவியலுக்கு நேர் மேலே தொட்டில்.

என்ன செய்தேன் என்பது வரிசையாக நினைவில்லை. கொள்ளியைக் காலால் எத்தினேன். குடத்துத் தண்ணீரைக் கூடுகள் மேலும் அவள் மேலும் சாய்த்தேன். தலைப்பில் ஏறிய தீயைக் கையால் அடித்தேன். வலது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அவள் திடுக்கிட்டு விழித்தாள். எதிரே நின்ற என்னைப் பார்த்தாள். கேட்ட முதல் வார்த்தை இதுதான்:

"அவுக தூங்கிட்டாகளா?"

அவளுக்கு அது ராத்திரியா பகலா என்றே தெரியவில்லை.

தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு, புகையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று அழவில்லை.

வரிசை வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். "அடுப்புக்கு முன்னால என்னடி தூக்கம்?" என்று ஒருத்தி வைதாள்.

"தெரியலக்கா. முழிச்சுத்தான் இருக்கேன்னு நெனச்சேன்" என்றாள் அவள். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு, நனைந்த சேலையோடு வெளியே வந்து, தெரு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நல்லாத்தானே இருக்கேன்பான் என்று போர்மேன் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் தினமும் எத்தனையோ பெண்களை நிறுத்தி, ஆண்கள் தூங்கினார்களா என்று கேட்டிருக்கிறார். கேள்வியை எதிரே நின்றவள் பக்கம் திருப்பியதே இல்லை. நானோ அதையும் மிஞ்சிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரைச் சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, இரவின் துண்டுகளெல்லாம் மாயமாகிவிட்டன என்று நினைத்தேன். அவர் விட்டுப்போன துண்டுகளும் சேர்ந்து அவள் தலையில்தான் விழுந்திருந்தன. சுவர் வழியே அதைக் கேட்டிருக்கக் கூடிய ஒரே ஆள் நான். சாட்சி சொல்லும் பொருட்டு நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அவர் சிவகாசியிலிருந்து வந்தார். கருகிய சேலைத் தலைப்பைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சாவடிக்கு வரவில்லை. நானும் போகவில்லை.

மறுநாள் வாசலில் போர்மேன் என்னைப் பார்த்து, "தூங்குனானா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரரே முந்திக்கொண்டார்.

"தூங்கல அண்ணாச்சி. இனி கொஞ்ச நாளைக்குத் தூங்க மாட்டேன்."

"ஏலே, ஒன்னைய யாரு கேட்டா?"

"கேக்காமத்தான் சொல்றேன். முன்ராத்திரி பிள்ளைய நான் வச்சுக்கிட்டேன். பின்ராத்திரி அவ."

போர்மேன் திகைத்துப்போனார். தூங்கினேன் என்று பொய் சொல்பவனைப் பிடிக்க அவரிடம் வழி இருந்தது. தூங்கவில்லை என்று தானே வந்து நிற்பவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். சரிதான் என்று தலையாட்டினேன்.

"இது சீசன்லே. வேற ஆளைப் போட்டா போட்டதுதான், பாத்துக்க" என்றார்.

"தெரியும்ணாச்சி."

பெட்டி ஒட்டும் ஷெட்டுக்கு நடந்தார். "மதினி மறுபடி வந்துட்டாக!" என்று சத்தம் எழுந்தது. இந்த முறை அவர் தலை குனியவில்லை. "ஆமா நாத்தனா, தள்ளி உக்காருங்க" என்று சொல்லிப் பசைச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் கேலி செய்யவில்லை.

மருந்து அறை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. போர்மேன் சொன்னபடியே வேறு ஆள் நிலைத்துவிட்டார். சில நாள் கழித்து வாசலில் ஒரு காட்சி கண்டேன். புருஷனுக்குச் சாட்சி சொல்ல நின்ற திரி வெட்டும் பெண்ணிடம் போர்மேன், "அவன் தூங்குனது சரி. நீ தூங்குனியா?" என்று கேட்டார். அவள் ஏதோ தப்புச் செய்து அகப்பட்டவள்போல விழித்தாள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

எனக்கு சர்க்கார் உத்தரவு வந்தது. விதிப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தி, விதிப்படியே ஓய்வும் பெற்றேன். துண்டுத் தூக்கம் இப்போது புது நாகரிகமாகியிருக்கிறதாம். என் பேரன் கைபேசியில் காட்டி, மனிதனுக்கு இது ஒத்துவருமா தாத்தா என்று கேட்டான். நானும் மதியம் கொஞ்சம், விடியலில் கொஞ்சம் என்று துண்டாகத்தான் தூங்குகிறேன். எனக்கு ஒத்துவருகிறது. என்னை நம்பி அடுப்பும் இல்லை, தொட்டிலும் இல்லை. மற்றவர்களுக்கு ஒத்துவருமா என்று தெரியாது. அது ஒத்துவருகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டில் வேறு யார் விழித்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்பேன்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் சட்டையோ கிலுகிலுப்பையோ கொண்டுபோகிறார்கள். நான், "நீ போய்ப் படும்மா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லித் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். அந்தப் பெண்கள் தலை சாய்த்த மாத்திரத்தில் தூங்கிப்போவதைப் பார்க்கும்போதெல்லாம், தீக்கு நடுவில் விழித்து "அவுக தூங்கிட்டாகளா?" என்று கேட்ட குரல் எனக்குக் கேட்கிறது. தொட்டில் கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.